கடனில் விரிந்த கம்பெனி ஆட்சி

நாடு பிடிப்பதில் பெருஞ்செலவு படைக்குத்தான். அந்தச் செலவைப் பிடிபடப்போகும் நாட்டின் தலையிலேயே கட்டிவிட்டால், கைக்காசு அதிகம் கரையாமல் பேரரசை விரிக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் செய்தது ஏறத்தாழ இதுதான்.

வங்காளத்து ஜவுளியை வாங்கக் கம்பெனி முதலில் கப்பல் கப்பலாக வெள்ளி கொண்டுவந்தது. 1765இல் வங்காளம், பீகார், ஒரிசாவின் வரிவசூல் உரிமையை முகலாய மன்னர் இரண்டாம் ஷா ஆலம் அதற்கு வழங்கினார். பதிலுக்கு ஆண்டுக்கு 26 லட்ச ரூபாய். அதன்பின் வங்காளத்தான் கட்டிய வரியே வங்காளத்துச் சரக்குக்கு விலையானது.

ஆற்காட்டில் நடந்தது இன்னும் நூதனம். நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகப் போரிட்ட கம்பெனி, செலவுக் கணக்கை அவரிடமே நீட்டியது. அதைக் கட்ட அவர் கடன் வாங்கியது சென்னையிலிருந்த கம்பெனி ஊழியர்களிடம்; கொழுத்த வட்டி, ஈடு வரிப்பணம். 1773இல் கம்பெனிப் படையின் துணையோடு அவர் தஞ்சாவூரைப் பிடித்தார். 1776இல் லண்டன் உத்தரவுப்படி சென்னைக் கவர்னர் பிகாட் அதை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்டு என்ற ஊழியர், வயலில் நிற்கும் பயிர் நவாப் கடனுக்காகத் தனக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது என்று உரிமை கோரினார். பிகாட் இணங்கவில்லை. கடன்காரர்கள் பக்கம் சாய்ந்த ஆலோசனைக் குழுவினர் கவர்னரையே கைதுசெய்து பரங்கிமலையில் வைத்தார்கள். மறு ஆண்டு காவலிலேயே அவர் இறந்தார்.

நவாபோடு செய்த 1792 ஒப்பந்தப்படி பாளையக்காரர்களிடம் கிஸ்தி வசூலிக்கும் வேலையும் கம்பெனியிடம் வந்தது. கட்டபொம்மனோடு மோதல் மூண்டது இந்த வசூலில்தான்.

1798இல் கவர்னர் ஜெனரலாக வந்த வெல்லெஸ்லி, படைச்செலவை மன்னர் தலையில் கட்டும் இந்த வழியையே துணைப்படைத் திட்டமாக்கினார். கம்பெனிப் படையை மன்னர் தம் நாட்டில் வைத்துச் சம்பளம் தர வேண்டும். பணம் இல்லையென்றால் நிலம். ஐதராபாத் நிஜாம் 1800இல் பெல்லாரி, கடப்பைப் பகுதிகளைக் கொடுத்தார். அவத் நவாப் மறு ஆண்டு பாதி நாட்டை இழந்தார். ஆற்காட்டு ஆட்சியும் 1801இல் கம்பெனிக்குப் போனது. மைசூர் மன்னர் திப்புவோடு ரகசியத் தொடர்பு என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இதனால் கம்பெனி கொழித்ததா என்றால், இல்லை. 1773இலேயே பிரிட்டிஷ் அரசிடம் 14 லட்சம் பவுண்டு கடன் வாங்கித்தான் அது பிழைத்தது. போர்ச்செலவு கம்பெனிக் கணக்கில், லாபம் ஊழியர் பையில். ஆற்காட்டுக் கடன்களை ஆராய 1805இல் ஆணையம் அமைத்தபோது கடன்காரர்கள் பத்திரங்களோடு வரிசைகட்டினார்கள். அவர்கள் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூடச் செல்லுபடியாகவில்லை.