எந்த ஊரு, அண்ணே?



ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜொகூர்ப் பாலம் தாண்டி, சிங்கப்பூர் தேக்காவுக்குப் போயிருந்தோம். சிராங்கூன் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. வாரமெல்லாம் கட்டடம் கட்டும் தமிழ்நாட்டுத் தம்பிமார்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும், கூட்டாளிகளைப் பார்க்கவும் கூடுகிற நாள் அது. சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்த ஒரு தம்பி நம்மைக் கேட்டார்:

"அண்ணே, நீங்க எந்த ஊரு?"

"ஜொகூருப்பா."

"அதில்லண்ணே, சொந்த ஊரு?"

நமக்கு வாயடைத்துப் போயிற்று. பாட்டன் சேலத்துப் பக்கம். நாம் பிறந்தது பால்மரக் காட்டு லயத்தில். அந்த லயம் நின்ற இடத்தில் இன்று வீடமைப்புப் பகுதி. எதைச் சொந்த ஊர் என்று சொல்வது?

இந்தக் கேள்வியைத்தான் சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கதையாக எழுதி வருகிறார்கள். "கதை படிச்சா வயிறு நிறையுமா?" என்று கேட்பீர்கள். நிறையாதுதான். ஆனால் நாம் யார் என்று தெரியாதவனை, கிராணி முதல் மந்திரி வரை எவரும் ஏய்த்துவிடலாமே!

சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' பத்திரிகை 1887-இல் தொடங்கியது. மறு வருசமே அதில் மகதூம் சாயபு 'விநோத சம்பாஷணை' எழுதினார். அதுவே அங்கே முதல் தமிழ்ச் சிறுகதை என்று எழுத்தாளர் நா. கோவிந்தசாமி எடுத்துக் காட்டினார். கப்பலேறி வந்த கூட்டத்துக்கு அப்போதே சொல்ல ஒரு சேதி இருந்திருக்கிறது, பாருங்கள்.

புதுமைதாசன் என்ற பி. கிருஷ்ணன் நம்ம ஜொகூரில் 1932-இல் பிறந்தவர். சிங்கப்பூர் வானொலிக்கு 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' நாடகத்தை எழுதினார். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் வந்தபின், கம்பத்து ஜனங்கள் அடுக்குமாடிக்கு மாறிய காலம் அது. பக்கத்து வீட்டுச் சண்டையையும் சமாதானத்தையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அவருக்கு 2008-இல் சிங்கப்பூரின் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. அண்ணாசாமியின் வீட்டுக்கு எதிரே சீனரும் மலாய்க்காரரும் இருக்கலாம். அதற்காக அவர் தமிழர் இல்லாமல் போய்விடவில்லை.

இலங்கை நீர்கொழும்பில் பிறந்து சிங்கப்பூருக்கு வந்தவர் லதா என்ற கனகலதா. 'நான் கொலை செய்யும் பெண்கள்' என்ற அவருடைய சிறுகதைத் தொகுதி 2008-இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு பெற்றது. 2024-இல் அதே பரிசை, ஆங்கிலக் கதைப் பிரிவில், பிரசாந்தி ராம் பெற்றார். நூலின் பெயர் 'நைன் யார்ட் சாரீஸ்', அதாவது ஒன்பது கெசப் புடவைகள். ஒரு தமிழ்ப் பிராமணக் குடும்பத்துப் பெண்கள் பல தலைமுறையாக எதைச் சுமந்து வந்தார்கள், எதை இறக்கி வைத்தார்கள் என்பதே கதை. மொழி ஆங்கிலம், வீடு நம்ம வீடு.

ஆனால் தோழர்களே, நம் மனசை உறுத்துவது வேறு. நமக்கு எதிரே உட்கார்ந்த தம்பிக்கு அந்த ஊரில் 'ஊர்க்காரன்' என்று பேர். அங்கேயே பிறந்த தமிழர்களில் சிலர், அதைக் கொஞ்சம் ஏளனமாகவே சொல்லக் கேட்டோம். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் பெண்சாதி பிள்ளையை அழைத்து வந்து வாழ முடியாது. வேலை முடிந்தால் திரும்பிப் போக வேண்டியதுதான். 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ்கோர்ஸ் ரோட்டில் பஸ்ஸில் அடிபட்டு ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி இறந்தார். அதையொட்டி லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. அதன் பிறகு சட்டங்கள் வந்தன, விசாரணைகள் நடந்தன. ஆனால் அந்த மனுசனுக்கும் ஒரு வீடு, ஒரு தாய் இருந்தாள் என்பதைச் சட்டப் புத்தகமா சொல்லும்? கதைதான் சொல்ல வேண்டும்.

கங்காணி கூட்டி வந்த நம் பாட்டனும் ஊர்க்காரன்தானே? 'மூணு வருசத்தில் திரும்பிடுவேன்' என்று சொல்லி வந்தவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள்? இங்கேயே மரம் சீவி, பிள்ளை பெற்று, கோயில் கட்டி, இந்த மண்ணிலேயே அடங்கினார்கள். அந்தத் தம்பியைத் தள்ளி வைத்தால், நம் பாட்டனையே தள்ளி வைக்கிறோம் என்று அர்த்தம்.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் விடியற்காலையிலேயே எழுந்து பாலம் தாண்டி அங்கே வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறோம்: ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பிமார்களோடு ஒரு தேத்தண்ணி குடியுங்கள். வீட்டுக்கு வந்தால் பாட்டியிடம் உட்கார்ந்து, எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தத் தோட்டத்தில் முதலில் பேர் பதிந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும். பாட்டி போனால் கதையும் கூடவே போய்விடும்.

அன்றைக்கு அந்தத் தம்பிக்கு முழுக் கதையையும் சொன்னோம். கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: "அப்ப உங்களுக்கு ரெண்டு ஊரு இருக்கு, அண்ணே." 

டீக்காசையும் அவரே கொடுத்துவிட்டார்.