நடுவயது உணவும் நாளைய நினைவும்

வயிற்றில் சேரும் கொழுப்பு இதயத்தைப் பாதிக்கும், நீரிழிவு நோயைக் கொண்டுவரும் என்பதை நாம் அறிவோம். அது நினைவாற்றலையும் குறைக்கக்கூடும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் ஓய்வில் இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. இந்த ஆற்றலை ஏந்திச் செல்பவை நுண்ணிய இரத்தக் குழாய்கள். உடற்பருமனோடு சேர்ந்து வரும் உயர் இரத்த அழுத்தமும் மிகுந்த சர்க்கரையும் அக்குழாய்களைச் சிதைக்கின்றன. வயிற்றுக் கொழுப்பிலிருந்து வெளிப்படும் அழற்சிப் பொருள்கள் இன்சுலினின் செயலைத் தடுக்கின்றன. புதிய நினைவுகளைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியும் இன்சுலினை ஏற்றுச் செயற்படுவது என்பதால், அதன் பணியும் தளர்கிறது. பருமன் உள்ளவர்களுக்கு உறக்கத்தில் மூச்சு தடைப்படுமானால், இரவில் மூளைக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இந்நோய்க்கான காரணங்களை அறியும் பெருமுயற்சி நம் பெங்களூரிலேயே நடைபெறுகிறது. இந்திய அறிவியல் நிறுவன வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் வட்டத்துக் கிராமங்களில் 45 வயதைக் கடந்த 10,000 பேரைத் தொடர்ந்து கண்காணிக்கும் நோக்குடன் 2018இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. பெங்களூரு நகரவாசிகள் 1,000 பேரை இலக்காகக் கொண்ட இணை ஆய்வும் நடைபெறுகிறது. இரத்தப் பரிசோதனை, நினைவுத் தேர்வு, எம்.ஆர்.ஐ. படம் ஆகியவை இவற்றில் இடம்பெறுகின்றன.

தொடக்க வயது 45 என அமைந்ததில் பொருள் உண்டு. மூளையின் மாற்றங்கள், மறதி வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகின்றன. தவிர்க்கக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதிநோயில் ஏறத்தாழ பாதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று லான்செட் ஆணையம் 2024இல் கூறியது. நடுவயதுப் பருமன், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, உடலுழைப்பின்மை ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 செ.மீ., பெண்களில் 80 செ.மீ. என்பதே எல்லை. ஓர் அளவுநாடா போதும், நாமே அளந்து பார்க்கலாம்.

மாற்றம் பயன் தருமா? பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரிடம் ஈராண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. நல்லுணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்துப் பின்பற்றியவர்களின் சிந்தனைத் திறன், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது.

நமக்கு அந்நிய உணவு தேவையில்லை. வெள்ளை அரிசியின் அளவைக் குறைத்து, கேழ்வரகு, பயறு, அவரை, கீரை, நிலக்கடலை ஆகியவற்றைக் கூட்டலாம். கேழ்வரகுக் களியாயினும் அளவு முக்கியம். மாலை நேரத்துப் போண்டாவையும் இனிப்புக் காபியையும் எப்போதாவது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். சைவ உணவு மட்டுமே உண்போருக்கும், மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கும் வைட்டமின் பி12 குறையக்கூடும். அதனால் வரும் மறதியை உரிய காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். முதியோருக்கு, முயற்சியின்றி எடை குறைவது நற்செய்தியன்று. மருத்துவரைக் காண வேண்டும்.

கணக்கு வழக்குகளில் ஏற்படும் தடுமாற்றம் மறதிநோயின் தொடக்க அறிகுறிகளுள் ஒன்று. வழக்கமாகச் செலுத்திவந்த தொகையை மறப்பதும், ஒரே தொகையை இருமுறை செலுத்துவதும் வீட்டுப் பெரியவர்களிடம் புதிதாகத் தோன்றினால், கடிந்துகொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். ஓய்வுக்காலத்திற்கெனச் சேர்த்த செல்வத்தை நாமே அறிந்து ஆள்வதற்குத் தெளிந்த மூளை வேண்டும். அதனைக் காக்கும் முயற்சியை நாற்பதுகளிலேயே தொடங்குவோம்.