பெருநாள் துவக்கும் பத்து மீற்றர் ரைபிளும்: பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்லிக்கொடுப்பது?

பெருநாள் வந்தால் எமது பக்கத்துச் சிறுவர்களின் கையில் முதலில் ஏறுவது பிளாஸ்ரிக் துவக்குதான். காலையில் வாப்பாவும் மாமாமாரும் கொடுத்த பெருநாள் காசு அஸருக்கு முன்பே துவக்காக மாறிவிடும். சின்னஞ்சிறு குண்டுகள் தெருவெல்லாம் பறக்கும். அது கண்ணில் பட்டால் என்ன நடக்கும் என்று வைத்தியர்கள் எச்சரிக்காத வருடமில்லை. நாங்களும் வாங்கிக் கொடுக்காத வருடமில்லை.

அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று ஒரு ஆசிரியரின் கண்ணால் சற்றுப் பாருங்கள். துவக்கைக் கையில் எடுத்தவுடன் விரல் விசைக்குப் போகிறது. அடுத்து, குழல் நண்பனின் முகத்துக்கு நேரே நீள்கிறது. குண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலே அழுத்திவிட்டுச் சிரிக்கிறது. துவக்கு விடயத்தில் ஒரு மனிதன் செய்யவே கூடாத மூன்று காரியங்கள் இவை. காசு கொடுத்து அவற்றை நாமே பழக்கிவிடுகிறோம்.

இதை வைத்துத்தான், இளைஞர்களுக்கு ரைபிள் சுடுதலை ஒரு விளையாட்டாக, பாதுகாப்பான முறையில் கற்பிப்பது பற்றி எழுதத் துணிந்தேன். துணிந்தேன் என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு முஸ்லிம் பிள்ளை, துவக்கு என்ற இரண்டு சொற்களையும் ஒரே வசனத்தில் எழுத எமது சமூகத்தில் எல்லோருக்கும் பயம். எங்கள் வீடுகளில் சமையல் கத்தியைக்கூட ஒளித்து வைத்த நாட்கள் அவை. மன்னாருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, துவக்கின் முன்னால்தான் எங்கள் குடும்பங்கள் வீட்டுத் திறப்பை விட்டுவிட்டுப் படகேறிக் கற்பிட்டிக்குப் போயின. அந்தத் தலைமுறையில் பிறந்த எனக்கு ஆயுதத்தின் மீது ஆசை ஏதும் இல்லை.

ஆனால் பயம் வேறு, பாதுகாப்பு வேறு. எமது மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் துவக்கு தூரத்துப் பொருள் அல்ல. சோதனைச் சாவடியில் தினமும் பார்க்கிறார்கள். பெருநிலப்பரப்பில் வயல் செய்யும் உறவினர் வீட்டுக்குப் போனால் பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கு, இடியன் துவக்கு என்று கதை கேட்கிறார்கள். யுத்தம் விட்டுச்சென்ற வெடிபொருட்கள் இன்னும் மண்ணிலிருந்து வெளிவருகின்றன. மிதிவெடி விடயத்தில் “தொடாதே, பெரியவரிடம் சொல்” என்று பாடசாலைகளில் வகுப்பு வைத்தோம், படம் ஒட்டினோம். துவக்கு விடயத்தில் மட்டும் வாய் திறக்காமல் இருந்துவிட்டோம்.

வாயால் சொல்வது மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2001இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வு அது. 8 முதல் 12 வயது வரையான 64 சிறுவர்களைச் சிறு சிறு குழுக்களாக ஒரு அறையில் விட்டு, இலாச்சிக்குள் ஒரு உண்மைக் கைத்துப்பாக்கியை (குண்டு இல்லாமல்தான்) வைத்துவிட்டு மறைந்திருந்து பார்த்தார்கள். கண்டெடுத்த குழுக்களில் பெரும்பாலானவை அதைக் கையில் எடுத்தன. பலர் விசையையும் அழுத்தினார்கள். அதைத் தொட்ட பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் துவக்குப் பாதுகாப்பு பற்றி முன்பே ஏதோ ஒரு அறிவுரை கேட்டவர்கள்! வகுப்பில் இருபது வருடம் நின்ற எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அறிவுரை காதில் நிற்கும், பழக்கம்தான் கைக்குப் போகும். இன்னொரு பாடமும் அந்த ஆய்வில் இருக்கிறது: எவ்வளவு கற்பித்தாலும், பூட்ட வேண்டியதைப் பெரியவர்கள் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

கைக்குப் பழக்கம் வருவது எப்படி? உலகமெங்கும் ரைபிள் கற்பிக்கும் இடங்களில் முதல் விதி ஒன்றேதான். குழல் எப்போதும் பாதுகாப்பான திசையில், அதாவது இலக்கை நோக்கி மட்டும் இருக்க வேண்டும். திரும்பி நண்பனோடு பேசினால்கூடத் தலைதான் திரும்பலாம், குழல் திரும்பக் கூடாது. இரண்டாவது, சுடுவதற்கு முடிவு செய்யும் வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். மூன்றாவது, யார் என்ன சொன்னாலும் ரைபிளில் குண்டு இருக்கிறது என்றே எண்ண வேண்டும். கையில் வாங்கும் ஒவ்வொரு முறையும் திறந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும். அடுத்தது நம்மூருக்கு முக்கியமானது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. கீரிக் கடற்கரையில் தட்டையான கல்லை வீசினால் அது நீரில் துள்ளித் துள்ளிப் போகும் அல்லவா? குண்டும் அப்படித்தான். “கடல் பக்கம் சுட்டால் யாருக்கும் ஆபத்தில்லை” என்பது முழுப் பொய். மண் மூட்டையோ கனமான சுவரோ பின்னால் நின்றால்தான் அது சுடும் இடம்.

இந்த விதிகள் எமக்குப் புதியவை என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததும், ஷைத்தான் அந்தக் கையைத் தவறச் செய்துவிடக்கூடும் என்று எச்சரித்ததும் புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் பதிவாகியிருக்கின்றன. கூடப் பிறந்த சகோதரனாக இருந்தாலும், அதாவது விளையாட்டுக்கென்றாலும், கூடாது என்பது அதன் கருத்து. அம்புகளோடு பள்ளிவாசலுக்குள்ளோ சந்தைக்குள்ளோ போகிறவர் அவற்றின் கூர்முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டளையும் உண்டு. அம்பெய்தலின் சிறப்பைப் பற்றி எத்தனையோ பயான் கேட்டிருக்கிறோம். கூர்முனையைப் பிடிக்கச் சொன்ன ஹதீஸை ஏன் அதே அளவுக்குக் கேட்கவில்லை?

உயிருள்ள எதையும் இலக்காக வைக்கக் கூடாது என்பதும் அப்படியே. ஒரு பறவையைக் கட்டிவைத்து எய்துகொண்டிருந்த இளைஞர்களை இப்னு உமர் (ரழி) கண்டித்த சம்பவம் பிரபலமானது. மன்னார்த் தீவில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. தெருவில் திரியும் கழுதைகளும் வங்காலைச் சரணாலயத்துக்கு வரும் பூநாரைகளும் எங்கள் பிள்ளைகளின் கல்லுக்கும் கவணுக்கும் இலக்கல்ல என்பதைச் சொல்ல இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இனி விளையாட்டுக்கு வருவோம். ஒலிம்பிக்கில் நடைபெறும் பத்து மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் வெடிமருந்து கிடையாது. அமுக்கப்பட்ட காற்று 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டொன்றைத் தள்ளுகிறது. இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் அரை மில்லிமீற்றர், பேனா முனை வைத்த பொட்டுப் போல. ஐந்தரைக் கிலோகிராம் வரை எடையுள்ள ரைபிளை நின்றபடி தாங்கி, ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் 60 முறை அந்தப் பொட்டைத் தேட வேண்டும். ஓடத் தேவையில்லை, சத்தம் போடத் தேவையில்லை. மூச்சை அடக்கி, விசையை மெதுவாக அழுத்தி, குண்டு போன பின்னும் அசையாமல் நிற்க வேண்டும். கைத்தொலைபேசியை ஐந்து நிமிடம் கீழே வைக்க முடியாத ஒரு தலைமுறைக்கு இதைவிடக் கடினமான பயிற்சி எது?

காற்றுத்தானே என்று அலட்சியம் செய்யவும் கூடாது. அந்தச் சிறு குண்டு கண்ணைப் பறித்துவிடும். அதனால் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். குண்டு ஈயம் என்பதால் பயிற்சி முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் ஒன்றும் சாப்பிடக் கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு: 1994இல் விக்டோரியா பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் ரைபிள் சுடுதலில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தவர்கள் இரண்டு பெண்கள், புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும். டோக்கியோ ஒலிம்பிக்கில் எயார் ரைபிள் போட்டியில் எமது நாட்டின் சார்பில் நின்றவர் தெஹானி எகொடவெல. அதே போட்டியில் இந்தியாவுக்காக நின்றவர்களில் ஒருவர் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன். ஈரானின் இலாஹே அஹ்மதி ஹிஜாபுடனே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை போனார். அதே லண்டனில் மலேசியாவின் நூர் சுரியானி எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்டார். எங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது உம்மா நம்பவேயில்லை.

எங்கே கற்பிப்பது என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி. எனது கருத்து உறுதியானது. பாடசாலை வழியாக, அரசாங்கத்தின் அனுமதியுடன், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மட்டுமே. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. யாரும் தன் விருப்பப்படி வாங்கி வளவுக்குள் வைத்துப் பழகும் பொருள் அல்ல இது. எமது இளைஞர்கள் தனியாக, எமது ஆட்களோடு மட்டும், ஒதுக்குப்புறத்தில் எதையாவது தொடங்கினால், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் முழுச் சமூகத்தின் தலையில் கல்லைப் போட்டதாகிவிடும். அதைத் தடுக்க வேண்டிய முதல் ஆட்கள் நாங்களே.

வழி ஏற்கனவே இருக்கிறது. இந்த நாட்டில் மாணவர் படையணி 1881இல் கொழும்பு றோயல் கல்லூரியில் ஆரம்பமானது. இன்றைக்குத் தேசிய மாணவர் படையணியாக ரன்தம்பேயில் பயிற்சி நிலையத்துடன் இயங்குகிறது. அங்கே சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். சீருடை என்றாலே எமது பெற்றோர் ஒதுங்குவது எனக்குப் புரியும். வடக்கில் தமிழ்ப் பெற்றோரும் அதே காரணங்களுக்காக, சில வேளை இன்னும் கூடுதலாக, ஒதுங்குகிறார்கள். வற்புறுத்தக் கூடாது. ஆனால் சேர விரும்பும் பிள்ளையைப் பயத்தினால் மட்டும் மறிக்கவும் வேண்டாம். சூரிச் நகரில் வருடந்தோறும் செப்டெம்பரில் 13 முதல் 17 வயது வரையானவர்களுக்கு ரைபிள் போட்டி ஒரு ஊர்த் திருவிழாவாகவே நடக்கிறது. 1991 முதல் பெண் பிள்ளைகளும் கலந்துகொள்கிறார்கள். நாம் அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. எல்லோரும் பார்க்க நடக்கிறது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அனுமதியும் பயிற்றுநரும் ரைபிளும் கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் நாளைக்கே தொடங்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு. முதல் நான்கு வாரங்களுக்கு ஆளுக்கொரு தும்புத்தடி போதும். சுவரில் கறுப்புப் பொட்டு வைத்த ஒரு கடதாசி. நிற்கும் முறை, மூச்சு, “நிறுத்து” என்றவுடன் அந்த இடத்திலேயே நிறுத்துவது, தடியை இறக்கி வைத்துவிட்டு ஒரு எட்டு பின்னால் வருவது, ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கும்போது அதன் முனை யார் பக்கமும் போகாமல் வாங்குவது. தடியின் முனை ஒரு தடவை கூட்டாளியின் பக்கம் திரும்பினால் அன்றைய பயிற்சி அந்தப் பிள்ளைக்கு அத்தோடு முடிந்தது. வாங்கில் போய் இருந்துகொண்டு மற்றவர்களைப் பார்க்கலாம், அடுத்த கிழமை வரலாம்.