மலையடிவாரத்துப் பள்ளிக்கூடங்கள் – 6: கடைசி இடத்தின் கணக்கு

2024 மே 6ஆம் தேதி பிளஸ் டூ முடிவுகள் வந்தபோது திருவண்ணாமலை மாவட்டம் பட்டியலின் அடியில் கிடந்தது. தேர்ச்சி 90.47 சதவீதம். முதலிடம் பிடித்த திருப்பூர் 97.45, மாநிலத்துக்கு 94.56. முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண் என்று மாணவர்களை வரிசைப்படுத்துவதை 2017இலேயே அரசு நிறுத்திவிட்டது. மாவட்டங்களுக்கு மட்டும் அந்த விடுதலை இன்னும் வரவில்லை.

அந்த 90.47ஐ வேறு இரண்டு எண்களோடு சேர்த்துப் பாருங்கள். அதே தேர்வில் தமிழகம் முழுவதும் அரசுப் பள்ளிகள் எடுத்தது 91.02, தனியார் பள்ளிகள் 96.70. ஆக, இந்த மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து நின்ற இடம், மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் நின்ற இடத்துக்குச் சற்றுக் கீழே. பெஞ்சில் உட்கார்ந்திருப்பது யார் வீட்டுப் பிள்ளை என்பதையும் சேர்த்துத்தான் தேர்ச்சி விகிதம் சொல்கிறது.

யார் வீட்டுப் பிள்ளைகள்? 2011 கணக்கெடுப்பில் இங்கே எழுத்தறிவு 74.21 சதவீதம், மாநிலத்தில் 80. ஊருக்குள் பூ கட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், கிரிவலப் பாதையில் கடை போடுகிறவர் வீட்டுப் பிள்ளைகள். ஜவ்வாது மலைக்குப் போனால் மலையாளிப் பழங்குடியினர்; அங்கே அப்பாவும் அம்மாவும் பிழைப்புக்கு வெளியூர் போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது பாட்டிதான். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றதே, அதில் பலர் இந்த மாவட்டத்துக்காரர்கள். அவர்கள் வீடுகளிலும் பள்ளிக்குப் போகிற வயதில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். கோயில் ஊரையும் செய்யாற்றையும் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரையும் கூட்டி ஒரே எண்ணாக வகுத்துவிட்டால் இதெல்லாம் காணாமல் போகும்.

இதோடு நிறுத்தினால் எனக்கும் வசதிதான். ஆனால் அரியலூர் இருக்கிறது. 2011இல் அங்கே எழுத்தறிவு 71.34, நம்மைவிடக் குறைவு. அந்த அரியலூர்தான் 2024 பத்தாம் வகுப்பில் 97.31 எடுத்து முதலிடம். 2025 பிளஸ் டூவில் 98.82, மறுபடியும் முதலிடம். ஏழ்மையைக் காட்டி இங்கே யாரும் தப்பித்துவிட முடியாது.

விகிதத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் அதன் கணக்கு. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், பத்து முடித்ததும் கல்யாணம் ஆகிப் போனவள், ‘நூறு பர்சென்ட்’ கெட்டுவிடும் என்று டி.சி. கையில் கொடுக்கப்பட்டவன் – இவர்கள் யாரும் அதில் இல்லை. எந்தப் பள்ளியையும் பார்த்து நான் முதலில் கேட்க விரும்புவது இதுதான்: மூன்று வருடம் முன்பு உங்கள் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், இப்போது ஹால் டிக்கெட் வாங்கியது எத்தனை பேர்? பள்ளிக்கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் இருக்கிறது. கணக்கெடுப்பது கடினமில்லை. முடிவு வெளியாகும் நாளில் அதையும் சேர்த்து வெளியிடலாம்.

அடுத்த வாரம்: ஜவ்வாது மலையில் வனத்துறை நடத்தும் பள்ளிகள்.