டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக்: இங்கே பழக்கம், இங்கிலாந்தில் சட்டம்!

"அண்ணா, தொண்டை வலிக்குது. ரெண்டு நாளைக்கு மாத்திரை குடுங்க." தெருமுனை மெடிக்கலில் இப்படிக் கேட்டு வாங்காதவர்கள் நம்மில் குறைவு. கவருக்குள் ஒரு பாராசிட்டமால், சில சமயம் கூடவே ஒரு ஆன்டிபயாடிக். விதிப்படி இது தப்பு. அமாக்ஸிசிலின், அஸித்ரோமைசின் எல்லாம் 'ஷெட்யூல் எச்' பட்டியலில் இருப்பவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது.

இதே தொண்டை வலியோடு இங்கிலாந்தில் மருந்துக்கடைக்குப் போனால், மருந்தாளுநரே ஆன்டிபயாடிக் கொடுக்கலாம், சட்டப்படியே. 2024 ஜனவரி 31-ல் தொடங்கிய 'ஃபார்மசி ஃபர்ஸ்ட்' திட்டம் இது. தொண்டை வலி, காது வலி, சைனஸ், அக்கி, பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று என மொத்தம் 7 பிரச்சினைகளுக்கு மட்டும்.

அப்போ என்ன வித்தியாசம்?

அங்கே கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. காய்ச்சல் இருக்கா, எத்தனை நாளா வலி, டான்சிலில் சீழ் தெரியுதா, இருமல் இருக்கா என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும். குறைவாக வந்தால் வலி மாத்திரையும் ஆலோசனையும்தான். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதும் முன்பே எழுதிவைத்ததுதான். விவரம் நோயாளியின் குடும்ப டாக்டருக்கும் போய்விடும்.

இன்னொன்று, காசு. அரசு தருவது ஆலோசனைக் கட்டணம், தொடக்கத்தில் 15 பவுண்டு. பரிசோதித்துவிட்டு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அனுப்பினாலும் அது கிடைக்கும். நம்ம ஊர் கடைக்காரர் 'வேண்டாம்' என்றால் அவருக்கு அன்றைய வியாபாரம்தான் போகும். பலரும் பேசாத விஷயம் இது.

கூடுதல் பயிற்சி முடித்த நர்ஸ்களும் மருந்தாளுநர்களும் கிட்டத்தட்ட எல்லா மருந்துகளையும் எழுத அங்கே 2006-லேயே அனுமதி வந்துவிட்டது.

இந்தியாவில்?

ஒரு கதவு இருக்கு. 2019 தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு, எம்பிபிஎஸ் முடிக்காதவர்களுக்கும் வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்கிறது. ஆரம்ப சுகாதாரத்தில், நோய்த்தடுப்பில், குறிப்பிட்ட மருந்துகளை மட்டும் அவர்கள் தனியாக எழுதலாம். மற்ற நேரங்களில் டாக்டரின் மேற்பார்வை வேண்டும். எண்ணிக்கையும் பதிவு பெற்ற டாக்டர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இது போலி டாக்டர்களை வளர்க்கும் என்று இந்திய மருத்துவர் சங்கம் எதிர்த்தது. 2019 ஜூலை 31-ல் நாடு முழுக்க 24 மணி நேர வேலைநிறுத்தமும் நடந்தது. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கு. ஆனால் டாக்டர் இல்லாத ஊரில் ஏற்கெனவே யாரோ ஒருவர் மாத்திரை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், எந்தப் பதிவேடும் இல்லாமல்.

உரிமம் யாருக்கு? 'நவீன மருத்துவத் தொழிலோடு தொடர்புடையவர்' என்று மட்டும்தான் சட்டத்தில் இருக்கு. நர்ஸ், மருந்தாளுநர் என்ற வார்த்தைகள் அந்தப் பிரிவில் இல்லை. என்ன தகுதி, எந்தெந்த மருந்து என்பதையும் விதிமுறைகளுக்கு விட்டுவிட்டார்கள்.