கெடு தெரியாமல் போகும் பணம்

2024 நவம்பர் 27 அன்று, மாமல்லபுரத்தை அடுத்த பண்டிதமேட்டில் சாலையோரம் உட்கார்ந்து மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஐந்து பெண்கள் மீது வேகமாக வந்த கார் ஒன்று ஏறியது. ஐவரும் இறந்துபோனார்கள். இப்படியொரு விபத்து நடந்தால் செய்திகளில் கைது வரும், அரசு நிவாரணம் வரும். செய்தியில் வராத மூன்றாவது ஒன்றும் உண்டு. வாகன உரிமையாளரிடமும் அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் குடும்பத்தார் கேட்டுப் பெறக்கூடிய நஷ்டஈடு அது. குற்ற வழக்கு எப்படி முடிந்தாலும், நிவாரணம் எவ்வளவு கிடைத்திருந்தாலும், இந்த உரிமை தனியாக நிற்கும்.

"மாடு மேய்த்த பாட்டிக்கு ஏது சம்பளச் சீட்டு?" என்ற கேள்விதான் பல குடும்பங்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. சீட்டு தேவையில்லை. வீட்டு வேலை மட்டுமே பார்த்த பெண்ணின் உழைப்புக்கும் வருமான மதிப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் அழுத்திச் சொன்னது. கணக்குப் போடும் முறையும் ரகசியம் அல்ல. 2009இன் சரளா வர்மா, 2017இன் பிரணய் சேத்தி ஆகிய இரண்டு தீர்ப்புகளில் இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, 58 வயதில் கூலி வேலை செய்து மாதம் ₹10,000 ஈட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். எதிர்கால வருமான உயர்வுக்காக 10 சதவீதம் கூட்டினால் ₹11,000. அவரை நம்பி நான்கு பேர் இருந்தால் சொந்தச் செலவுக்காகக் கால் பங்கு கழியும், மிச்சம் ₹8,250. ஆண்டுக்கு ₹99,000. அந்த வயதுக்கான பெருக்கெண் 9. ஆக ₹8,91,000. ஈமச் செலவு, உறவை இழந்ததற்கான தொகை எல்லாம் இதற்கு மேல். இந்தக் கணக்கு தெரிந்த குடும்பத்திடம், "இரண்டு லட்சம் வாங்கித் தருகிறேன், கையெழுத்துப் போடு" என்று எந்தப் புரோக்கரும் பேசிவிட முடியாது. கிடைக்கும் நஷ்டஈட்டில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் கட்டணம் பேசுவதையும் பார் கவுன்சில் விதி தடுக்கிறது.

ஆனால் கெடு இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அவற்றை நம்பிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. விபத்து நடந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. கடற்கரைக்குச் சுற்றுலா வந்து அடிபட்ட மதுரைக்காரர் மதுரையிலேயே மனு போடலாம். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்றாலும், பாதிக்கப்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றே நீதிமன்றங்கள் பெரும்பாலும் உத்தரவிடுகின்றன. இடித்த வண்டி எது என்றே தெரியவில்லையா? உயிரிழப்புக்கு ₹2 லட்சம், படுகாயத்துக்கு ₹50,000 தரும் மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. வருவாய்த் துறை அலுவலர் விசாரிப்பார், ஆட்சியர் உத்தரவிடுவார்.

சிகிச்சைக்கு முன்பணம் கேட்டு மருத்துவமனை தாமதித்தால், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற பெயரைச் சொல்லலாம். 2021 டிசம்பர் 18 அன்று இதே மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் அது தொடங்கப்பட்டது. திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனை தனியாருடையதானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வியும் இல்லை.

மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களின் கவலை வேறு. 2017இல் புவிசார் குறியீடு பெற்ற கல் சிற்பம் இந்த ஊருடையது. அட்வான்ஸ் வாங்கி, மாதக்கணக்கில் உளி பிடித்து, சிலையை லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகு பாக்கி வராவிட்டால் சிற்பி என்ன செய்வார்? கும்பாபிஷேகம் முடிந்த சாமியைத் திருப்பி எடுத்து வரவா முடியும்?

உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு தொழிற்கூடத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டியாக. பதிவு எப்போது செய்தது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. சரக்கு கொடுத்த பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு இந்தச் சலுகை கிடையாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. (அந்த வழக்கின் பெயர் சில்பி இண்டஸ்ட்ரீஸ்! ஆனால் அது பேருந்து டயருக்கு ரப்பர் கொடுத்த நிறுவனம்.) 2025இல் வேறொரு வழக்கில் இதே கேள்வி பெரிய அமர்வுக்குப் போனது. பதிவு இலவசம், முதல் ஆர்டருக்கு முன்பே செய்துவிடுவதே உத்தமம்.

செக் வாங்கியிருந்தால் நாட்களை எண்ண வேண்டும். செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பி வந்தது தெரிந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். அது கிடைத்தபின் செக் கொடுத்தவருக்கு 15 நாள். அப்போதும் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். 2015 திருத்தத்துக்குப் பிறகு, சிற்பியின் கணக்கு உள்ள வங்கிக்கிளை எங்கேயோ அங்கேயே வழக்குப் போடலாம். வாங்கியவர் பெங்களூரில் இருந்தாலும் அலைய வேண்டியது அவர்தான்.

செக்குக்குப் பதில் புரோநோட்டு வாங்கியிருந்தால், அதற்கு ஆயுள் மூன்றே ஆண்டு. "தருகிறேன் அண்ணே" என்ற போன் பேச்சு அதை நீட்டிக்காது. கெடு முடிவதற்குள், கடன் பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட கடிதம் வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு ஓடும்.

ஆள் அனுப்பி மிரட்டி வசூலிப்பவர் தன் நியாயத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறார். 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. கடன் நிறுவனங்களின் மிரட்டல் வசூலைக் குற்றமாக்கும் தனிச் சட்டத்தைத் தமிழ்நாடு 2025இல் கொண்டுவந்தது. கடன் வாங்கியவரும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்த செக்கும் செல்லும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. விபத்து வழக்கையும் செக் வழக்கையும் மக்கள் நீதிமன்றத்தில் ஒரே நாளில் பேசி முடிக்கலாம். கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.