சேர்வராயன் கல்லும் தாலா கல்லும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சாலைக்காக வெட்டிய பாறை வழிநெடுகத் தெரியும். மழையும் வெயிலும் பட்ட பக்கம் சாம்பல், பழுப்பு. அண்மையில் உடைந்த இடமோ எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கருமை. ஊரில் இதைக் கருங்கல் என்போம். புவியியலாளர்களுக்கு இது சார்னகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்திருந்த கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் சார்னாக்கின் பெயரையே அதற்கு வைத்தார். நம் பரங்கிமலைப் பாறையும் அதே இனம்தான்.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் உடம்பே இந்தக் கல். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் தரைக்குக் கீழே 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில், நீண்ட நெடுங்காலம் அவிந்து உருவானது. மேலிருந்த நிலமெல்லாம் தேய்ந்து போனபிறகு இன்று நம் பேருந்து ஜன்னலுக்கு வெளியே நிற்கிறது.

ஏறத்தாழ அதே வயதுள்ள கிரானைட் பாறைகள் மத்தியப் பிரதேசத்தின் சிவபுரி மாவட்டத்திலும் உண்டு. ஆனால் தாலா என்ற ஊரை ஒட்டிய பாறைக்கு வேறு விதி. வானிலிருந்து வந்த ஒரு கல் மோதி, கண்மூடித் திறப்பதற்குள் அது உருகிப்போனது.

மோதலில் உராய்ந்து சூடேறி உருகியிருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். உண்மையான காரணம் வேறு. நொடிக்குப் பத்து இருபது கிலோமீட்டர் வேகத்தில் விண்கல் மோதும்போது, பாறைக்குள் ஓர் அதிர்ச்சி அலை பாய்கிறது. மோதிய இடத்துக்கு அருகே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 6 லட்சம் மடங்கையும் தாண்டும். அலை கடந்ததும் நசுங்கிய பாறை விரிகிறது. ஆனால் நசுங்கும்போது வாங்கிய ஆற்றலை விரியும்போது முழுவதுமாகத் திருப்பித் தருவதில்லை. மிச்சம் வெப்பமாக உள்ளேயே தங்கிவிடுகிறது. பாறையை உருக்குவது அந்த மிச்சம்தான். எரிமலைக் குழம்பு 1,200 டிகிரியைத் தாண்டுவது அரிது. இந்தக் குழம்போ 2,000 டிகிரிக்கு மேல் போகும்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது இன்னொன்று. மெல்லச் சூடேறும் பாறையில் எளிதில் உருகும் கனிமங்கள் முதலில் உருகி வடியும், மற்றவை நிற்கும். அதிர்ச்சி அலை அப்படித் தரம் பிரிப்பதில்லை. எல்லாம் ஒன்றாக உருகுவதால், குழம்பின் கலவை முன்பு அங்கிருந்த பாறைகளின் கலவையாகவே இருக்கும். அதில் உருகாத துண்டுகள் வந்து விழுகின்றன. சில கரைகின்றன, சில குழம்பைக் குளிரவைத்துவிட்டு அப்படியே பதிந்து நிற்கின்றன. அந்தக் கதம்பக் கல்தான் தாலாவில் கிடைக்கிறது.

அதைச் சரியாக அடையாளம் காண நாளாயிற்று. யுரேனியம் தேடி அங்கே மோகர் பகுதியில் துளையிட்டார்கள். வட்டமான அமைப்பையும் உருகிய கல்லையும் பார்த்து, இடிந்து அமிழ்ந்த பழைய எரிமலைவாய் என்றே கருதப்பட்டது. அலகாபாத் பல்கலைக்கழகத்தின் ஜெயந்த குமார் பதியும் குழுவினரும் 2008இல் அது விண்கல் பள்ளம் என்று நிறுவினார்கள். சாட்சி சொன்னவை அந்த உருகிய கல்லில் பதிந்திருந்த குவார்ட்ஸ் துணுக்குகள். நுண்ணோக்கியில் அவற்றுக்குள் நெருக்கமான இணைகோடுகள் தெரிந்தன. அத்தகைய கோடுகளைப் போடும் அழுத்தம் எந்த எரிமலைக்கும் கிடையாது. பள்ளத்தின் விட்டம் சுமார் 11 கிலோமீட்டர். வயது 250 கோடிக்கும் 170 கோடிக்கும் இடையில். பின்னாள் படிவுகள் மூடி, மீதியைக் காலம் அரித்துவிட்டதால், மகாராஷ்டிரத்து லோனார் ஏரியைப்போலக் கிண்ணமாக எதுவும் கண்ணுக்குத் தெரியாது. உருகிய கல் இல்லாவிட்டால் தாலாவின் கதையே நமக்குக் கிடைத்திருக்காது.

ஏற்காடு ஏரி விண்கல் பள்ளம் அல்ல. சேர்வராயனில் அத்தகைய மோதலின் தடயமும் இல்லை. ஆனால் நொடிகளில் உருகிய கல் சேலம் மாவட்டத்திலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து கிழக்கே ஆத்தூர் போகும் வழி, பூமியின் ஆழம் வரை இறங்கும் ஒரு பழைய பிளவு மண்டலத்தை ஒட்டியது. ஆத்தூரை அடுத்த கெங்கவல்லிப் பக்கத்துப் பாறைகளில் மெல்லிய கரிய நரம்புகள் ஓடுகின்றன. சூடோடேக்கிலைட் என்று பெயர். 1916இல் தென்னாப்பிரிக்காவின் விரெடஃபோர்ட் கல்லுக்குச் சூட்டிய பெயர் அது. அந்த இடம் பிற்பாடு மாபெரும் விண்கல் பள்ளம் என்று தெளிவாயிற்று. கெங்கவல்லியில் வானத்துக்கு வேலை இல்லை. இங்கே உராய்வேதான் காரணம்: நிலநடுக்கத்தில் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று வேகமாக வழுக்கி, தொட்ட இடம் மட்டும் உருகியது. வழுக்கல் நின்றதும் அந்தக் குழம்பு பக்கத்து விரிசல்களில் புகுந்து, பாறைத் துணுக்குகளை விழுங்கியபடியே உறைந்தது. அந்தத் துணுக்குகளின் அளவையும் உருண்டைத்தன்மையையும் ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக அளந்திருக்கிறார்கள். எந்த மனிதரும் உணர்ந்திராத ஒரு நிலநடுக்கத்தின் பதிவு அது, விரல் அகலத்தில்.